பவர் விண்டோ திரும்பத் திரும்பக் கெடுவது ஏன்? கதவுக்குள் நடப்பது என்ன?

பினாங்குப் பாலத்துக்கு முன்னால் பிறை டோல் சாவடி. பின்னால் கார்கள் வரிசை கட்டி நிற்கின்றன. டோல் கட்டும் டச் அண்ட் கோ அட்டை கையில் தயாராக இருக்கிறது, பொத்தானை அழுத்தினாலும் கண்ணாடி மட்டும் இறங்க மாட்டேன் என்கிறது. கடைசியில் கதவைப் பாதி திறந்து, உடம்பை வெளியே நீட்டி அட்டையைத் தட்ட வேண்டியிருக்கிறது. இத்தனைக்கும் போன வருடம்தான் அதே கதவுக்குப் பட்டறையில் பணம் கொடுத்து வேலை பார்த்திருப்பார்கள்.

ஒரு கார் பத்து வருடம் ஓடி, ஒரு கண்ணாடி ஒரு முறை கெட்டால் அது தேய்மானம். அதைப் பற்றிப் புலம்ப ஒன்றுமில்லை. ஒரே கதவு ஒரு வருடத்துக்குள் மறுபடி கெடுகிறது என்றால் கணக்கு வேறு. உடைந்த பாகத்தை மாற்றியிருக்கிறார்கள், அதை உடைய வைத்ததைத் தொடாமல் விட்டிருக்கிறார்கள். பெரும்பாலான கார்களில் நடப்பது இதுதான். இதைப் புரிந்துகொள்ளக் கதவுக்குள் என்ன இருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

கண்ணாடியை ஏற்றுவது எது?

1. சுவிட்ச். ஓட்டுநர் கதவில் எல்லாக் கண்ணாடிகளுக்கும் சேர்த்து இருப்பது மாஸ்டர் சுவிட்ச். மற்றக் கதவுகளில் தனித்தனிச் சுவிட்ச். மின்சாரம் ஒரு திசையில் போனால் மோட்டார் கண்ணாடியை ஏற்றும், எதிர்த்திசையில் போனால் இறக்கும். அந்தத் திசையை மாற்றுவதுதான் சுவிட்சின் வேலை.

2. மோட்டார். 12 வோல்ட்டில் ஓடும் சின்ன மோட்டார். அதன் தண்டில் திருகாணி போல வெட்டிய பல் இருக்கும். அது ஒரு பல்சக்கரத்தைச் சுழற்றும். திருகாணி சக்கரத்தைச் சுழற்றலாம், சக்கரத்தால் திருகாணியைச் சுழற்ற முடியாது. ஏறி நிற்கும் கண்ணாடியை வெளியிலிருந்து கையால் அமுக்கி இறக்க முடியாததற்கு இதுவே காரணம்.

3. ரெகுலேட்டர். மோட்டாரின் சுழற்சியை மேலும் கீழுமான அசைவாக மாற்றும் அமைப்பு.

4. கிளிப். கண்ணாடியின் அடிவிளிம்பைக் கவ்விப் பிடிக்கும் துண்டு. பல கார்களில் இது பிளாஸ்டிக்.

5. ரப்பர் சேனல். கண்ணாடியின் இரு ஓரமும் மேல் விளிம்பும் நுழைந்து ஓடும் ரப்பர் பள்ளம். உள்பக்கம் வெல்வெட் துணி போல மெல்லிய இழைகள் ஒட்டியிருக்கும். கண்ணாடி வழுக்கிக்கொண்டு ஓடுவது அந்த இழைகளால்தான்.

முதல் நான்கைப் பற்றிப் பட்டறையில் பேசுவார்கள், பில்லில் எழுதுவார்கள். ஐந்தாவதைப் பற்றிப் பெரும்பாலும் யாரும் வாய் திறப்பதில்லை. மீண்டும் மீண்டும் வரும் கோளாறுக்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான்.

கத்தரி வகையும் கேபிள் வகையும்

ரெகுலேட்டரில் முக்கியமாக இரண்டு வகை. பழைய கார்களிலும் பல லாரிகளிலும் இருப்பது கத்தரி வகை. இரண்டு இரும்புக் கைகள் கத்தரிக்கோல் போலக் குறுக்காக விரிந்து சுருங்கும். கனமானது, கதவுக்குள் நிறைய இடம் பிடிக்கும், ஆனால் நின்று உழைக்கும்.

இன்றைய கார்களில் அதிகம் இருப்பது கேபிள் வகை. சைக்கிள் பிரேக் கம்பி போன்ற மெல்லிய எஃகுக் கேபிள் ஒரு உருளையில் சுற்றியிருக்கும். மேலேயும் கீழேயும் உள்ள பிளாஸ்டிக் கப்பிகள் வழியாக அது ஓடி, கிளிப்பை ஒரு தண்டவாளத்தில் ஏற்றி இறக்கும். எடை குறைவு, விலை குறைவு. கதவுக்குள் ஸ்பீக்கர், பக்கவாட்டு மோதலைத் தாங்கும் இரும்புக் கம்பி என்று எத்தனையோ சேர்ந்துவிட்ட காலத்தில் இடமும் மிச்சம். குறை என்னவென்றால், கண்ணாடியின் முழுப் பாரத்தையும் ஒரு மெல்லிய கம்பியும் சில பிளாஸ்டிக் துண்டுகளும் தாங்குகின்றன. கண்ணாடி வழுக்கி ஓடும்வரை அவை தாங்கும். கண்ணாடியை இழுத்துப் பறிக்க வேண்டிய நிலை வந்தால் தாங்காது.

ஒரு கதவைக் கழற்றிப் பார்த்தால்

பட்டறையில் கதவின் உள்பலகையைக் கழற்றியதும் முதலில் தெரிவது ஒரு பிளாஸ்டிக் தாள். கறுப்புப் பசையால் ஓரம் முழுக்க ஒட்டியிருப்பார்கள். இந்தத் தாளுக்கு ஒரு முக்கியமான வேலை உண்டு. மழை நீர் கண்ணாடியின் வெளிப்பக்கம் வழிந்து கதவுக்குள் போகத்தான் செய்யும். கதவே அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. உள்ளே போன நீர் அடியில் உள்ள ஓட்டைகள் வழியாக வெளியேற வேண்டும். அந்த நீர் நாம் உட்காரும் பக்கம் வராமல் தடுப்பது இந்தத் தாள். அவசரமாக வேலை முடிக்கும் ஆள் இதைக் கிழித்துப் பிய்த்து எறிந்துவிடுவார். அப்புறம் ஒரு நல்ல மழைக்குப் பிறகு தரைவிரிப்பு ஈரமாகும், காருக்குள் பூஞ்சை வாடை அடிக்கும். அதற்கும் பவர் விண்டோ வேலைக்கும் தொடர்பு இருப்பதே காரின் சொந்தக்காரருக்குத் தெரியாது.

தாளுக்குப் பின்னால் ரெகுலேட்டர். கிளிப் உடைந்திருந்தால் கண்ணாடி கதவின் அடியில் விழுந்து கிடக்கும். உடைந்த கிளிப்பைக் கையில் எடுத்துக் கவனமாகப் பாருங்கள். உடைந்த இடத்தின் ஒரு பகுதி அழுக்கேறிக் கறுத்தும், மிச்சம் புதிதாக வெளுத்தும் இருந்தால், விரிசல் என்றைக்கோ விழுந்துவிட்டது என்று பொருள். ஒவ்வொரு முறை கண்ணாடியை ஏற்றும்போதும் அது கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்து, மிச்சமிருந்த வெளுப்புப் பகுதி கடைசி நாளில் ஒரேயடியாக விட்டிருக்கிறது. டப்பென்று சத்தம் கேட்டது அன்றைக்கு. உடைய ஆரம்பித்தது அதற்குப் பல மாதங்களுக்கு முன்பு.

அடுத்து ரப்பர் சேனலுக்குள் விரலை விட்டுப் பாருங்கள். நல்ல ரப்பர் மெத்தென்று, துணியைத் தடவுவது போல இருக்கும். காய்ந்த ரப்பர் சொரசொரப்பாக இருக்கும், விரலில் கரி ஒட்டும், மூலையில் மண் இறுகிக் கிடக்கும். கிளிப்பை உடைத்தது இதுதான்.

உராய்வு எப்படி எல்லாவற்றையும் தின்கிறது

ரப்பர் காய்ந்ததும் கண்ணாடி தடுமாறி ஏறுகிறது. மோட்டார் அதிக மின்சாரம் இழுக்கிறது. சாதாரணமாகச் சில ஆம்பியரில் முடியும் வேலை, கண்ணாடி சிக்கி நின்றால் 20 ஆம்பியர் வரைக்கும்கூடப் போகலாம். எளிய அமைப்புள்ள கார்களில் இந்த மின்சாரம் முழுவதும் சுவிட்சின் தொடுமுனைகள் வழியாகத்தான் ஓடுகிறது. தொடுமுனையில் பொறி பறந்து கரி படிகிறது. கரி படிந்ததும் மோட்டாருக்குப் போய்ச் சேரும் வோல்ட் குறைகிறது. வலுவிழந்த மோட்டார் இன்னும் மெதுவாக, இன்னும் நேரம் எடுத்து, இன்னும் சூடாகி ஓடுகிறது. மறுபக்கம் கேபிள் இழுபடுகிறது, அதன் இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து முள் போல் நீட்டிக்கொண்டு நிற்கின்றன, கப்பி தேய்கிறது, கிளிப்பில் விரிசல் விழுகிறது.

இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி முதலில் அறுந்தாலும் பட்டறை அதை மட்டும் மாற்றிக் கொடுக்கும். புது ரெகுலேட்டர் போட்ட அன்று கண்ணாடி ஜோராக ஏறும். ரப்பர் பழையதுதான் என்பதால் புதுக் கிளிப் முதல் நாளே அதே பாரத்தைச் சுமக்க ஆரம்பிக்கிறது.

நம் ஊர்ச் சூழல் இதை வேகப்படுத்துகிறது. வருடம் முழுக்க வெயில், நிறைய மழை, தீவுப் பக்கம் கடற்காற்றின் உப்பு. திறந்த வெளியில் பகல் முழுக்க நிறுத்திய காரில் வெப்பம் ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் மெல்ல வறட்டுகிறது. குளிர்நாட்டில் கண்ணாடியை மாதக்கணக்கில் இறக்காமலே ஓட்டுவார்கள். இங்கே டோல், அடுக்குமாடிப் பாதுகாவலர், வாகன நிறுத்துமிடத் தடுப்பு, டிரைவ் துரூ என்று ஓட்டுநர் பக்கக் கண்ணாடிக்கு மட்டும் ஒரு நாளில் எத்தனை இறக்கம், எத்தனை ஏற்றம்! 2022 ஜனவரியில் பிளஸ் நெடுஞ்சாலையில் காரில் ஒட்டிய வில்லையை வைத்தே டோல் வசூலிக்கும் ஆர்எஃப்ஐடி கட்டணம் வந்ததால் கண்ணாடியை இறக்கும் வேலை சிலருக்குக் குறைந்தது. அட்டை தட்டுபவர்களுக்குக் குறையவில்லை.

கண்ணாடியில் டிண்ட், அதாவது வெயிலைத் தடுக்கும் கறுப்புப் படலம், ஒட்டும் வேலையையும் சொல்ல வேண்டும். ஒட்டும்போது சோப்புத் தண்ணீரைத் தாராளமாக அடிப்பார்கள். அது கதவுக்குள் வழியும், கவனமில்லாமல் செய்தால் சுவிட்சுக்குள்ளும் போகும். டிண்ட் ஒட்டிய வாரத்தில் கண்ணாடி மக்கர் செய்தால் முதலில் அங்கேதான் சந்தேகப்பட வேண்டும்.

இது ஒரே கம்பெனியின் வியாதியா?

மலேசியாவில் பவர் விண்டோ என்றாலே பலருக்கு முதலில் புரோட்டோன் ஞாபகம்தான் வரும். 1985ல் சாகாவோடு தொடங்கிய நம் தேசியக் காரின் பெயரோடு இந்தக் குறை ஒட்டிக்கொண்டது. குறிப்பாக 2000களின் மாடல்களைப் பற்றிய புலம்பல் நாடறிந்தது. அந்தக் காலத்துச் சொந்தக்காரர்களின் கோபம் நியாயமானதுதான். ஆனால் வேறு கம்பெனிக் காரை வாங்கினால் தப்பித்துவிடலாம் என்று நினைப்பது சரியில்லை.

நான்காம் தலைமுறை ஃபோல்க்ஸ்வாகன் கோல்ஃபில் கண்ணாடியைப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிளிப் உடைந்து, கண்ணாடி கதவுக்குள் விழுவது உலகம் முழுக்க பிரசித்தம். பின்னாளில் உலோகக் கிளிப் வந்தது. 2012 அக்டோபரில் டொயோட்டா உலக அளவில் சுமார் 74 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. காரணம், மாஸ்டர் சுவிட்சுக்குள் கிரீஸ் சரிசமமாகப் பூசப்படாதது. 2015ல் அதே நிறுவனம் இன்னொரு 65 லட்சம் கார்களை அழைத்தபோதும் பிரச்சினை மாஸ்டர் சுவிட்சில்தான். 2010ல் ஹோண்டா தன் ஜாஸ், சிட்டி வகையில் சுமார் 6 லட்சத்து 46 ஆயிரம் கார்களை அழைத்தது. சுவிட்சுக்குள் தண்ணீர் புகுந்து தீப்பிடிக்கும் அபாயம் இருந்தது. தென்னாப்பிரிக்காவில் தீப்பற்றிய ஒரு காரில் குழந்தை ஒன்று இறந்த பிறகு வந்த அழைப்பு அது.

டொயோட்டா விஷயத்தில் நமக்கு உதவும் ஒரு பாடம் இருக்கிறது. சுவிட்ச் இறுகினால் கடையில் விற்கும் எண்ணெய் ஸ்ப்ரேயை அடிக்காதீர்கள், உள்ளே உருகிப் புகையலாம் என்று அன்று எச்சரித்தார்கள். இன்றும் பலர் சுவிட்சில் அதைத்தான் அடிக்கிறார்கள்.

வெள்ளத்திலும் குழந்தை விஷயத்திலும்

2017 நவம்பரில் பினாங்கில் பெய்த பேய்மழையை இங்குள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தண்ணீரில் சிக்கிய காரில் மின்சாரம் கொஞ்ச நேரமே வேலை செய்யும். எவ்வளவு நேரம் என்பது காரையும் தண்ணீரையும் பொறுத்தது. அதனால் கார் மிதக்கத் தொடங்கியதும் செய்ய வேண்டியது பெல்ட்டைக் கழற்றி உடனே கண்ணாடியை இறக்குவது. வெளித்தண்ணீரின் அழுத்தத்தில் கதவு திறக்காது. ஏற்கெனவே மக்கர் செய்யும் கண்ணாடியோடு மழைக்காலத்தில் ஓட்டுவதை நான் லேசாக எடுத்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன். குறைந்தது ஓட்டுநர் பக்கத்தையாவது சரி செய்துவிடுங்கள். கண்ணாடி உடைக்கும் சுத்தியல் வைத்திருப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். சில புதிய கார்களில் பக்கக் கண்ணாடியும் முன் கண்ணாடி போலவே நடுவில் படலம் வைத்த கண்ணாடி. அதை அந்தச் சுத்தியலால் உடைத்து வெளியே வர முடியாது.

ஒரே தொடுதலில் தானாக ஏறும் கண்ணாடிகளில், நடுவில் கை மாட்டினால் நின்று இறங்கும் வசதி இருக்கும். எல்லாக் கதவுகளுக்கும் அது இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். பல கார்களில் ஓட்டுநர் கதவுக்கு மட்டுமே உண்டு. பின் இருக்கையில் பிள்ளைகள் இருந்தால், மற்றக் கதவுகளின் சுவிட்சை முடக்கும் பூட்டுப் பொத்தானைப் போட்டு வைப்பதே பாதுகாப்பு.

அறிகுறியை வைத்துக் காரணத்தைக் கண்டுபிடிப்பது

பட்டறைக்குப் போவதற்கு முன் ஐந்து நிமிடம் செலவழித்தால் பாதி விடை வீட்டு வாசலிலேயே கிடைக்கும்.

1. எந்தக் கண்ணாடியும் வேலை செய்யவில்லை. ஃபியூஸ், ரிலே, மாஸ்டர் சுவிட்ச். ஓட்டுநர் கண்ணாடி மட்டும் ஓடி, மற்றவை அந்தந்தக் கதவிலிருந்து ஓடாவிட்டால், பூட்டுப் பொத்தான் அழுந்தியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இதற்குக்கூடச் சிலர் பணம் கொடுத்துவிட்டு வருகிறார்கள்.

2. ஒரு கண்ணாடி மட்டும் அசையவில்லை. இரவில் இஞ்சினை அணைத்து, சாவியை மட்டும் திருப்பி வைத்து, உள்விளக்கைப் போட்டுச் சுவிட்சை அழுத்துங்கள். விளக்கு மங்கினால் மோட்டாருக்கு மின்சாரம் போகிறது, கண்ணாடிதான் சிக்கியிருக்கிறது. விளக்கு அசையாமல் எரிந்தால் மின்சாரமே போகவில்லை. சுவிட்ச், வயர், அல்லது மோட்டாரின் உள்ளே சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டான கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம்.

3. மோட்டார் சத்தம் கேட்கிறது, கண்ணாடி நகரவில்லை. கேபிள் அறுந்துவிட்டது, அல்லது கிளிப் உடைந்துவிட்டது. மறுபடி மறுபடி அழுத்தாதீர்கள். அறுந்த கேபிள் உருளையில் நூல்கண்டு போலச் சிக்கி மோட்டாரையும் கெடுக்கும்.

4. இறங்கும்போது சுலபம், ஏறும்போது முக்கல். காய்ந்த ரப்பர். கைச்செலவில்லாமல் தப்பிக்கக் கிடைக்கும் வாய்ப்பு இந்தக் கட்டம்தான்.

5. கதவைத் தட்டினால் வேலை செய்கிறது. பெரும்பாலும் பிரஷ் தேய்ந்த மோட்டார்.

6. கதவு திறந்திருந்தால் ஓடுகிறது, மூடினால் ஓடவில்லை. கதவுக்கும் காரின் உடலுக்கும் நடுவே மடங்கி மடங்கி அறுந்த வயர். ரப்பர் உறைக்குள் இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. ரெகுலேட்டரை மாற்றினால் பணம்தான் வீண்.

7. நாலைந்து முறை ஏற்றி இறக்கியதும் நின்றுபோய், கொஞ்ச நேரம் கழித்துத் தானாகச் சரியாகிறது. மோட்டாருக்குள் இருக்கும் வெப்பப் பாதுகாப்பு. ஒன்றிரண்டு முறையிலேயே இப்படி ஆனால் நாலாவது எண்ணைப் படியுங்கள்.

8. மேலே போய்த் தானாகக் கீழே வருகிறது. பேட்டரி மாற்றிய பிறகு இப்படி ஆனால், கண்ணாடி தன் எல்லையை மறந்துவிட்டது. பல கார்களில் முழுக்க ஏற்றிச் சில விநாடி சுவிட்சைப் பிடித்திருந்தால் போதும். முறை காருக்குக் கார் மாறும், கையேட்டில் இருக்கும். பேட்டரி மாற்றாமலே இப்படி ஆனால் மறுபடியும் ரப்பர்தான். உராய்வைக் கை மாட்டியதாக எடுத்துக்கொள்கிறது.

பக்கத்து இருக்கைக் கண்ணாடி பற்றி ஒரு வார்த்தை. எளிய அமைப்புள்ள கார்களில் அந்த மோட்டாரின் மின்சாரம் அந்தக் கதவின் சுவிட்ச் வழியாகவும், ஓட்டுநரின் மாஸ்டர் சுவிட்ச் வழியாகவும் சுற்றிப் போகும். மாஸ்டர் சுவிட்சில் கரி படிந்தால் இடது கதவு படுத்துவிடும். ‘இந்தக் கதவில் எல்லாத்தையும் மாத்திட்டோம் அண்ணே, இன்னும் வரல’ என்று மெக்கானிக் சொன்னால் பார்க்க வேண்டியது எதிர்ப்பக்கத்தை.

பட்டறையில் பேச வேண்டியது

ரெகுலேட்டர் மாற்றுவதானால் ரப்பர் சேனலையும் பார்க்கச் சொல்லுங்கள். மாற்றத் தேவையில்லை என்றாலும் துடைத்துச் சிலிகான் ஸ்ப்ரே அடிக்கச் சொல்லுங்கள். பெட்ரோலிய எண்ணெய் கலந்த ஸ்ப்ரே வேண்டாம், அது ரப்பரை உப்ப வைக்கும். முதல் சில நாள் நன்றாக வழுக்கும், பிறகு மோசமாகும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஈரத்துணியால் சேனலைத் துடைத்து, காயவிட்டு, சிலிகான் அடிப்பதை வீட்டிலேயே செய்யலாம். ஒரு டப்பா பல காலம் வரும். மழைக்குப் பின் கதவை அசைத்தால் உள்ளே தண்ணீர் களகளவென்று ஆடுகிறதா? அடி ஓட்டைகளை ஒரு மெல்லிய குச்சியால் குத்தி விடுங்கள்.

பாகத்தில் மூன்று தரம் கிடைக்கும். கம்பெனி ஒரிஜினல், நகல், பழைய காரிலிருந்து கழற்றிய ஹாஃப் கட் சரக்கு. நகல் எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் கேபிளின் தடிமனையும் பிளாஸ்டிக்கின் தரத்தையும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஹாஃப் கட்டில் ஒரிஜினல் பாகம் கிடைத்தாலும் அதுவும் வெயிலில் காய்ந்த அதே வயதுப் பிளாஸ்டிக்தான். ஓட்டுநர் கதவுக்கு ஒரிஜினல், அதிகம் திறக்காத பின் கதவுக்கு மலிவானது என்று பிரித்துச் செலவழிப்பது என் கணக்கில் நியாயம். எதைப் போட்டார்கள் என்பது பில்லில் எழுத்தாக இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் அந்தப் பிளாஸ்டிக் தாளைத் திரும்ப ஒட்டினார்களா என்று உள்பலகையை மூடுவதற்கு முன் நின்று பாருங்கள்.

பணம் கொடுத்தவரின் உரிமை

1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் நாம் வாங்கும் பொருளுக்கு ஏற்கத்தக்க தரம் இருக்க வேண்டும் என்கிறது. பழுதுபார்ப்பு போன்ற சேவையைத் தகுந்த கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்றும் சொல்கிறது. சில மாதத்தில் அதே பாகம் உடைந்து, பட்டறை கைவிரித்தால், இந்த இரண்டும் நம் பக்கம் பேசும்.

பட்டறையோடோ விற்பனையாளரோடோ பேசித் தீரவில்லை என்றால் மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. மனு போட 5 வெள்ளி (ரிங்கிட்). 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை விசாரிப்பார்கள். பிரச்சினை எழுந்து மூன்று வருடத்துக்குள் போட வேண்டும். பொதுவாக வழக்கறிஞர் வைக்க அனுமதி இல்லை என்பதால் எதிர்த்தரப்பு பெரிய கம்பெனியாக இருந்தாலும் இரண்டு பக்கமும் நேருக்கு நேர் பேசியாக வேண்டும். எப்படி எழுதுவது என்று தெரியாதவர்கள் பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தை அணுகலாம். தமிழிலேயே பேசலாம்.

அங்கே போனால் கேட்பார்கள்: என்ன ஆதாரம்? முதல் தடவை பில், இரண்டாம் தடவை பில், போட்ட பாகத்தின் பெயர், தேதி. அப்புறம் கழற்றிய பழைய ரெகுலேட்டர். பட்டறையில் அதைக் குப்பைத் தொட்டியில் போடுவதற்கு முன் கேட்டு வாங்கி ஒரு பையில் போட்டு வையுங்கள். உடைந்த கிளிப்பில் எவ்வளவு கறுப்பு, எவ்வளவு வெளுப்பு என்பதை அங்கே எடுத்துக் காட்டலாம்.